வெளுத்த மோதிரம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வார்டில் எனக்கு வைத்திருக்கும் பெயர் மிளகாய். நேரில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். நான் கதவைத் தாண்டியதும் "மிளகாய் வந்துட்டுப் போயிடுச்சா?" என்று விசாரிப்பார்கள். என் காது நன்றாகவே கேட்கும்.

குழந்தைகள் பிரிவில் நான் இரண்டாம் இடத்து டாக்டர். முதல் இடம் பெரிய மேடத்துக்கு. அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. காரணம் ஓர் அறை. தரைத்தளத்தில் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்க்க ஓர் அறை இருந்தது. அகலமான ஜன்னல், உள்காற்றை வெளியே தள்ளும் பெரிய விசிறி எல்லாம் இருந்த நல்ல அறை. அதைக் காலி செய்து, வழவழவென்று ஒரு நீள மேசையைப் போட்டு, ஆலோசனைக் கூடமாக்கிவிட்டார் பெரிய மேடம். வெளியூர் நிபுணர்கள் வந்தால் உட்கார வைக்க ஓர் இடம் வேண்டாமா என்பது அவர் கட்சி. ரிப்பேர் வேலையை எங்கே வைத்துச் செய்வது என்பது என் கட்சி. எல்லோரும் இருந்த கூட்டத்தில் எழுந்து கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கான உத்தரவுகள் நர்ஸ் வழியாகத்தான் வரும். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். "சிஸ்டர், அவங்களை எக்ஸ்ரேயைப் பாக்கச் சொல்லுங்க" என்பார். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "டாக்டர், எக்ஸ்ரே" என்பார். நானும் சளைத்தவள் இல்லை. "பாத்தாச்சுன்னு சொல்லுங்க சிஸ்டர்." பாவம், அவர் தினமும் கழுத்து வலியோடுதான் வீட்டுக்குப் போனார்.

இந்த லட்சணத்தில் நாங்கள் இருந்தபோதுதான் ஸ்பானரின் மகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

ஸ்பானர் எங்கள் ஆஸ்பத்திரி மெக்கானிக். எந்தக் கருவி நின்றுபோனாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர் துருத்திக்கொண்டிருக்கும். மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயது. வீட்டில் அவள் பெயர் சுட்டி. முன்பெல்லாம் அப்பாவின் தோளில் உட்கார்ந்து வந்து, வார்டு முழுக்க எல்லோரையும் கலாய்த்துவிட்டுப் போவாள். இப்போது கட்டிலில் சுருண்டு கிடந்தாள். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெந்நீரில் முக்கியெடுத்ததுபோல் சிவந்து, தோல் உரிந்துகொண்டிருந்தது. சட்டை நனைய நனைய வியர்வை. தூக்கமில்லை. நிற்க மாட்டேன் என்கிறாள். போர்வை நுனி காலில் பட்டாலே "எரியுது, எரியுது" என்று கத்தினாள். வெளிச்சம் பட்டால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யார் கிட்டே போனாலும் ஒரே வார்த்தைதான்: "போ." எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

எங்களைப் பயமுறுத்தியது ரத்த அழுத்தம். வளர்ந்த மனிதனுக்கே ஆபத்தான அளவுக்கு ஏறி நின்றது. பெரிய மேடம் அதைத் தானே பாதரச மெஷினில் மறுபடி மறுபடி அளந்து பார்த்தார். எண்களைக் காட்டும் புது மெஷின்கள் வந்தும் அவர் தொட்டதில்லை. "அது பொய் சொல்லும். பாதரசம் பொய் சொல்லாது" என்பார்.

சிறுநீர்ச் சோதனையில், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோன்கள் எக்கச்சக்கமாக இருந்தன. சிறுநீரகத்துக்கு மேல் இருக்கும் சுரப்பியில் கட்டி வந்தால் அப்படித்தான் இருக்கும். ஸ்கேனில் அந்த இடத்தில் ஒரு நிழல் தெரிந்தது. கட்டி என்றால் கட்டி, குடலின் மடிப்பு என்றால் மடிப்பு. பெரிய மேடம் கட்டி என்று முடிவு செய்தார். அறுவை சிகிச்சை நிபுணரைக் கூப்பிட்டு நாளும் குறித்தாயிற்று.

"கட்டின்னா பல்லு ஏன் ஆடுது?" என்று கேட்டேன். சுட்டியின் ஈறுகள் வீங்கி, முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. "தோல் ஏன் உரியுது? இதைக் கேட்டுச் சொல்லுங்க சிஸ்டர்."

"இந்த வயசுல பல்லு ஆடாம பின்ன எப்ப ஆடும்னு சொல்லுங்க சிஸ்டர்" என்றார் பெரிய மேடம். வார்டு சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. அவர் கைராசியால் பிழைத்து, பிள்ளை குட்டியோடு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரர் தப்புப் பண்ணும்போது அதைத் தப்பு என்று நிரூபிப்பதுதான் கஷ்டம்.

மயக்க மருந்து கொடுத்தால் அந்த ரத்த அழுத்தத்தில் குழந்தையின் இதயம் என்ன பாடுபடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளே கட்டி இருந்தால் துணிந்து இறங்கலாம். இல்லாத கட்டிக்காகச் சுட்டியை அந்த மேசையில் கிடத்த நான் விடமாட்டேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். அறுவைக்கு முந்தின நாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளுடைய அம்மாவிடம் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்ததும்தான் எனக்கே உறைத்தது. இதுவரை இந்தக் குடும்பத்திடம் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. வேறு யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும், எங்கே தூங்குகிறது, எதைத் தொட்டு விளையாடுகிறது, வீட்டில் என்ன பூச்சிமருந்து அடிக்கிறீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டிருப்போம். ஸ்பானர் நம்ம ஆள். நம்ம ஆள் வீட்டில் கேட்க என்ன இருக்கிறது, எல்லாம் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டோம். தெரிந்தது எதுவும் இல்லை. அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

சுட்டியின் அம்மா டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பாதி தரையில் சிந்தியது. கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா" என்றேன்.

"பயம் இல்ல டாக்டர். இது கொஞ்ச நாளாவே இருக்கு. ஊசியில நூல் கோக்க முடியல. ராத்திரி முழுக்க இவகூட முழிச்சிருக்கேன்ல, அதான்."

நான் அந்தக் கையைப் பிடித்தேன். நடுங்கும் விரலில் ஒரு மோதிரம். பாதி மஞ்சள், பாதி வெள்ளி நிறம். நான் பார்ப்பதைக் கண்டதும் அவளுக்கு எங்கிருந்தோ தெம்பு வந்துவிட்டது.

"நீங்களே பாருங்க இந்தக் கொடுமைய. கல்யாணத்துக்கு இவரு வாங்கிப் போட்டது. தங்கம்னு சொல்லித்தான் போட்டாரு. இத்தனை வருஷம் மஞ்சளாத்தான் இருந்துச்சு, இப்ப வெளுக்குது. கடைக்காரன் நல்லா முலாம் பூசி இவரு தலையில கட்டிட்டான். கேட்டா, நான் துணி துவைக்கற சோப்பு சரியில்லையாம். மனுஷனுக்கு ஏமாந்ததை ஒத்துக்க வாய் வராது."

"வீட்டைத் துடைக்கறது எப்படி? கையாலயா?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "கையாலதான். கம்புல தொடச்சா மூலைக்கெல்லாம் போகாது."

தங்கம் சோப்புக்கு வெளுக்காது. தண்ணீருக்கும் வெளுக்காது. தங்கத்தின் மேல் ஒட்டி அதை வெள்ளையாக்க ஒரு பொருளால்தான் முடியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. கட்டிலின் தலைமாட்டில் ரத்த அழுத்த மெஷின் திறந்தபடி இருந்தது. கண்ணாடிக் குழாயின் அடியில் பாதரசம் பளபளவென்று நின்றது. இதைக் கழுவிச் சுத்தம் செய்து கொண்டுவந்து கொடுப்பது யார்?

சுட்டியின் காதருகே குனிந்தேன். "கண்ணு, அப்பா வீட்டுல வேலை பாப்பாரா?"

"போ."

"போறேன். இதை மட்டும் சொல்லு. அப்பா வேலை பாக்கறப்ப நீ எங்க இருப்ப?"

தலையணைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "மேசைக்கு அடியில. மீன் புடிப்பேன்."

"என்ன மீன்?"

"வெள்ளி மீனு. தொட்டா ரெண்டாயிடும். ஓடிப்போயிடும். போ."

போனேன். ஓடினேன் என்பதுதான் சரி.

ஸ்பானர் மாடிப்படிக்கு அடியில், தனக்கு ஒதுக்கிய இடுக்கில் உட்கார்ந்து, ஒரு சக்கர நாற்காலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மகளுக்கு விடிந்தால் ஆபரேஷன்; மனிதருக்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் வேலையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பிரஷர் மெஷினை எல்லாம் எங்க வெச்சு சரி பண்றீங்க?"

"இங்கதான் டாக்டரம்மா."

"இங்க உங்க காலையே நீட்ட முடியாது. எங்க வெச்சுப் பண்றீங்க?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தை மூடினார், திறந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. "வாங்கண்ணே, உங்க வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

ஓர் அறையும் சமையலறையும்தான் வீடு. தெருப் புழுதி வருகிறதென்று ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். சுவரோரம் ஒரு மேசை. அதன் மேல் வரிசையாக ரத்த அழுத்த மெஷின்கள், எங்கள் ஆஸ்பத்திரி முத்திரையோடு. மேசையை ஒட்டிக் குழந்தையின் சின்ன மெத்தை. பொம்மைக்குப் போர்த்திய துண்டுகூட அப்படியே கிடந்தது. வீடு படுசுத்தம். அந்தப் பெண் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாள்.

நான் செல்போன் விளக்கைப் போட்டு, தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தேன். தரைக்கல் இடுக்குகளில், மேசைக் கால்களைச் சுற்றி, மெத்தைக்கு அடியில், பொட்டுப் பொட்டாக மின்னியது.

"சிந்தினதை எல்லாம் பொறுக்கி எடுத்துருவேனே" என்றார் ஸ்பானர்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தீங்க. இடுக்குல போனது ஆவியாகிட்டே இருக்கும். அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. ஜன்னலையும் அடைச்சு வெச்சிருக்கீங்க. குழந்தை அதைத்தான் மூச்சா இழுத்திருக்கா."

"இத்தனை வருஷம் வெறுங்கையால தொட்டிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே டாக்டரம்மா."

"அந்த ரூம்ல விசிறி இருந்துச்சுண்ணே. ஜன்னல் இருந்துச்சு. குழந்தை இல்ல."

அவர் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பூச்சிமருந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தால் அந்த மனிதர் யோசித்திருப்பார். இது ஆஸ்பத்திரிச் சாமான். நோயைக் கண்டுபிடிக்கும் சாமானிலிருந்து நோய் வரும் என்று அவர் நினைக்கவில்லை. படித்த நாங்களும்தான் நினைக்கவில்லை. அவர் மகளின் ரத்த அழுத்தத்தை, அவர் இந்த மேசையில் சரிசெய்த மெஷினால்தான் அளந்துகொண்டிருந்தோம்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னது யாரு?"

"நானாத்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அது பொய் என்று எனக்குத் தெரிந்தது. அதைக் கிளறும் நேரம் அதுவல்ல. ஜன்னல் அட்டையைப் பிய்த்தெறிந்தேன். சுட்டியின் அம்மாவை இனி வீட்டுக்குள் விடக்கூடாது, யாரும் பெருக்கவோ துடைக்கவோ கூடாது என்று சொல்லி, கதவைப் பூட்டி, அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன்.

பெரிய மேடமும் அறுவை நிபுணரும் ஆலோசனைக் கூடத்தில், நீள மேசையின் ஒரு முனையில் ஸ்கேன் படங்களைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டாமல் நுழைந்தேன். பின்னாலேயே ஸ்பானர்.

"காலையில ஆபரேஷன் வேண்டாம். குழந்தைக்குக் கட்டி இல்ல. பாதரச விஷம்."

பெரிய மேடம் பழக்கதோஷத்தில் சிஸ்டரைத் தேடினார். சிஸ்டர் இல்லை. நிபுணர் பக்கம் திரும்பி, "அந்த ஹார்மோன் ஏன் கூடுச்சுன்னு அவங்களைக் கேளுங்க" என்றார்.

"நேராவே கேட்டுருங்க மேடம். என் கழுத்தும் பாவம்" என்றார் நிபுணர்.

அவர் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. "கட்டி இருந்தாலும் அந்த ஹார்மோன் கூடும். உடம்பு அதை உடைச்சு வெளியேத்தறதைப் பாதரசம் தடுத்தாலும் கூடும். ரெண்டுக்கும் சோதனையில ஒரே பதில்தான் வரும். ஆனா கட்டி கையைக் காலை உரிக்காது. ஈறை வீங்க வெக்காது. அம்மாவுக்குக் கை நடுங்க வெக்காது."

"அனுமானம்" என்றார் பெரிய மேடம், சுவரைப் பார்த்து. "பாதரசச் சோதனைக்கு ரத்தம் வெளியூர் போகணும். பதில் வர நாளாகும். அதுவரைக்கும் அந்தப் பிரஷரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? ஆதாரம் எங்க?"

வார்டிலிருந்து வாங்கி, சின்னக் கண்ணாடிக் குப்பியில் மூடி வைத்திருந்த மோதிரத்தை மேசைமேல் வைத்தேன். அந்த வழவழப்பில் குப்பி உருண்டு அவர் கைக்குப் போய் நின்றது.

"இது அவங்க அம்மாவோடது. தங்கம். அந்தத் தரையைத் துடைச்சுத் துடைச்சு இப்படி ஆயிருக்கு. பிரஷர் மெஷின் எல்லாம் இவர் வீட்டு மேசையில இருக்கு. மேசைக்குப் பக்கத்துல குழந்தை மெத்தை. என் கண்ணால பாத்துட்டு வரேன்."

அவர் குப்பியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். நிபுணர் ஸ்பானரைப் பார்த்துக் கடுகடுத்தார். "ஏன்யா, ஆஸ்பத்திரி மெஷினை யாரைக் கேட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போன? கேட்டைத் தாண்டக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார். நானாத்தான் எடுத்துட்டுப் போனேன். சாப்பாட்டுப் பையில வெச்சு." ஸ்பானர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "வேலையை விட்டு எடுத்தாலும் சரி சார். புள்ளைய மட்டும் பாருங்க."

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. பெரிய மேடம் குப்பியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"அவர் பொய் சொல்றார்" என்றார். "நான்தான் சொன்னேன். இந்த ரூமைக் காலி பண்ணின அன்னிக்கு, இதோ இதே இடத்துல வந்து நின்னு, மெஷினை எல்லாம் எங்க வெச்சுப் பாக்கறதுன்னு கேட்டார். கொஞ்ச நாளைக்கு வீட்டுல வெச்சுப் பண்ணுங்க, வெளிய சொல்லிக்காதீங்கன்னு சொன்னேன்."

பிறகு என்னைப் பார்த்தார். நேராக. அத்தனை மாதத்தில் முதல்முறையாக.

"உனக்கு மாத்திரை பேரு தெரியுமா? பாதரசத்தைப் பிடிச்சு வெளியேத்தறது?"

"தெரியும் மேடம். நம்ம மருந்தகத்துல இல்ல. வரவழைக்கணும்."

"யாரைப் பிடிக்கணுமோ நான் பிடிக்கறேன். நீ ரத்தமும் சிறுநீரும் எடுத்து அனுப்பு. பிரஷருக்குக் கொடுக்கறதை நிறுத்தாத." நிபுணரிடம் திரும்பினார். "காலைல ஆபரேஷன் இல்ல."

"எனக்கொண்ணும் வருத்தமில்ல மேடம்" என்று அவர் படங்களை அடுக்கினார். "வெட்டறதுக்கு மட்டுமில்ல, வெட்டாம இருக்கறதுக்கும் சேத்துதான் சம்பளம் தராங்க."

சோதனை முடிவு வந்தபோது, பாதரச அளவைப் பார்த்து ஆய்வகத்துக்காரர்களே தொலைபேசியில் கூப்பிட்டு, குழந்தை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. மாத்திரையைத் துப்பிக்கொண்டு இருந்தது. அழுகிய முட்டை நாற்றம் அந்த மாத்திரைக்கு. தினமும் எனக்கும் சுட்டிக்கும் குஸ்தி. ஒரு நாள் பாதியை என் முகத்திலேயே துப்பினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்ததை நீட்டினேன். பிடிவாதத்தில் அவள் எனக்கு அக்கா.

ஒரு நாளில் சரியாகிற நோய் இல்லை அது. முதலில் வியர்வை நின்றது. பிறகு தூங்கினாள். அவள் தூங்கியதைப் பார்த்து அவள் அம்மா அழுதாள். ரத்த அழுத்தம் படிப்படியாக இறங்கியது. புது ஸ்கேனில் நிழலைக் காணவில்லை, குடலின் மடிப்புதான். அம்மாவுக்கும் அதே மாத்திரைதான். முகத்தைச் சுளிக்காமல் விழுங்கினாள். தரையைப் பெயர்த்துச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்தார்கள். நடுவில் ஒரு நாள் அவள் என்னிடம், மோதிரத்தைத் தட்டாரிடம் கொடுத்து நெருப்பில் காட்டினால் மறுபடி மஞ்சளாகிவிடுமாமே என்று கேட்டாள். நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து நின்றது. நெருப்பில் காட்டினால் தட்டாரும் அவர் குடும்பமும் அல்லவா அந்தப் புகையைக் குடிப்பார்கள். அந்த மோதிரம் இன்றும் மூடிய குப்பியில்தான் இருக்கிறது. "ஆனா அது தங்கம்தாம்மா. உங்க வீட்டுக்காரரு ஏமாறல" என்றேன். அதற்கு அவள் சிரித்தது எனக்கு மறக்காது.

பெரிய மேடம் நிர்வாகத்துக்குத் தன் கைப்பட எழுதிக் கொடுத்தார். நடந்ததை நடந்தபடி, யார்மேலும் பழி போடாமல். ஸ்பானரின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மேடத்தின் தலைமைப் பதவி போகும் என்று காரிடாரில் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் விழுந்திருக்கும். பாதரச மெஷின்களை ஒன்றுவிடாமல் மூடிக் கட்டி அனுப்பினார்கள். நீள மேசை கதவில் நுழையாமல், காலைக் கழற்றித்தான் வெளியேற்ற வேண்டியிருந்தது. கழற்றியவர் ஸ்பானர்.

சுட்டி வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. கால் தோல் புதிதாக வளர்ந்திருந்தாலும், தரையில் வைக்க அவளுக்குப் பயம். அப்பா தூக்கிக்கொள்ளக் கை நீட்டினார். "வேணாம்" என்றாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கப்போட்டு, எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். "செருப்பு" என்றாள்.

அவள் அம்மா எடுப்பதற்குள் பெரிய மேடம் முந்திக்கொண்டார். முட்டி வலிக்காரர். கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தரையில் மண்டியிட்டு, இத்தனை நாளும் யாரையும் தொடவிடாத அந்தக் காலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்தது. இரண்டு செருப்பையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

சுட்டி குனிந்து பார்த்தாள். "மாத்திப் போட்டுட்ட" என்றாள்.

ஸ்பானர் பதறினார். "அப்படிப் பேசக்கூடாது பாப்பா, பெரிய டாக்டர்."

"சரியாத்தான் சொல்றா" என்றார் பெரிய மேடம். "நான்தான் பாக்காமப் போட்டுட்டேன் கண்ணு. இரு, கழட்டிச் சரியாப் போடறேன்."

கழற்றினார். சரியாகப் போட்டார். சுட்டி இறங்கி நின்றாள். யாரையும் பிடிக்காமல் நின்றாள். பிறகு பெரிய மேடத்தைப் பார்த்து, வழியை விடச் சொல்லி, "போ" என்றாள்.